பதினான்காம் தலைவர்

ஜனவரி 9, 2008. புதன்

குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது. அதே நகராட்சியிலிருந்து இன்று தபால் வந்தது. தபால் ஒழுங்காக வருகிறது. காரைமேடு வரும் மார்ச் மாதம் மாநகராட்சியாக உயர்கிறதாம். அதை முன்னிட்டுப் புதிய கட்டடத்தின் முகப்பில் முன்னாள் சேர்மன்கள் அனைவரின் பெயரும் கருங்கல்லில் பொறிக்கப்படுகிறது. ஊரின் வரலாற்றை எழுதியவன் என்ற முறையில் நான் பட்டியலைச் சரிபார்த்துத் தர வேண்டுமாம். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாரை யாரும் ஒரு வேலைக்குக் கூப்பிடுவது பதினொரு வருடங்களில் இதுவே முதல் தடவை. உடனே ஒப்புக்கொண்டால் மரியாதையில்லை என்பதால் நாளைக் காலை வரை பொறுத்திருக்கிறேன்.

ஜனவரி 10, வியாழன்

காலை பத்து மணிக்கே போய்விட்டேன்.

மக்கள் தொடர்பு அலுவலர் செல்வமணி முப்பது வயதுப் பையன். நல்ல பணிவு. பட்டியலை நீட்டினான். மொத்தம் இருபத்து மூன்று பெயர்கள். பதினான்காவது வரியில் “ரா. மாரப்பன், 1959–1964” என்றிருந்தது.

“யாருப்பா இந்த மாரப்பன்?”

“பதினாலாவது சேர்மனுங்க சார்.”

“யார் சொன்னது?”

“கல்லு சொல்லுதுங்க சார். ஊர் பூரா சந்துக்குச் சந்து பழைய கல்லு நட்டிருக்குது. அம்பத்தேழு கல்லு எண்ணினோம். எல்லாத்துலயும் தேதி இருக்குது, கீழ ரா. மாரப்பன்னு இருக்குது. அவ்வளவு கல்லுல பேர் போட்டுக்கறவரு சேர்மனாத்தானுங்களே இருக்கோணும்?”

இந்த நாட்டின் நிர்வாக அனுபவத்தை வைத்துப் பார்த்தால் பையன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மாரப்பன் கொத்தனார். பாதாளச் சாக்கடை தோண்டியபோது குழிக்குள் இறங்கிச் செங்கல் வைத்தவர். அந்த ஐந்து வருடமும் சேர்மனாக இருந்தவர் அ. சென்னியப்பன். பதவியேற்ற முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டார்: நகராட்சி செய்யும் எந்த வேலையிலும் சேர்மன் பெயர் இருக்கக் கூடாது. கல்லில் குழியின் ஆழமும், முடிந்த தேதியும், அதில் இறங்கி நின்று வேலை செய்தவரின் பெயரும் மட்டும் இருக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். பலன், நாற்பத்து நான்கு வருடம் கழித்துக் கொத்தனார் சேர்மனாகிவிட்டார், சேர்மன் காணாமல் போய்விட்டார்.

இதையெல்லாம் சொன்னேன். செல்வமணி குறித்துக்கொண்டான்.

“ஆதாரம் இருக்குங்களா சார்?”

“தீர்மானப் புத்தகத்தைப் பாருப்பா.”

“எழுபத்தொண்ணு வரைக்கும் கரையான் தின்னுருச்சுங்க சார்.”

ஒரு நகரத்தின் மூளையைக் கரையான் தின்றிருக்கிறது. அதை ஒருவன் வானிலை அறிக்கை மாதிரிச் சொல்கிறான். பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். கோபத்தில்தான்.

ஜனவரி 11, வெள்ளி

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். பன்னிரண்டு நாளாகுமாம்.

ஜனவரி 12, சனி

சென்னியப்பனைப் பற்றி இந்த ஊரில் ஒருவனுக்கும் தெரியாது என்பதை இன்று உறுதி செய்துகொண்டேன். மளிகைக் கடை, டீக்கடை, வங்கி, மூன்று இடத்தில் கேட்டேன். வங்கியில் “அக்கவுன்ட் நம்பர் இருக்குங்களா?” என்றார்கள்.

ஆகவே எழுதி வைக்கிறேன். ஐம்பதுகளில் இந்த ஊரில் பதினெட்டு மில்கள் வந்தன. மில்லுக்கு ஆள் வந்தது. ஆளுக்கு வரிசையாக லயன் வீடு வந்தது. வீட்டுக்குச் சாக்கடை மட்டும் வரவில்லை. 1958-இல் வாந்திபேதியில் இருநூற்றுப் பதினொரு பேர் செத்தார்கள். அடுத்த வருடம் சேர்மனான சென்னியப்பன் கடைவீதியைக் குறுக்கும் நெடுக்கும் தோண்டிக் குழாய் பதித்தார். பதினெட்டு மாதம் கடைவீதியில் மாட்டுவண்டி போக முடியவில்லை. வியாபாரிகள் கொதித்தார்கள். வீட்டுவரியும் ஏறியது. 1964-இல் சொந்த வார்டிலேயே தோற்றார். தேர்தலுக்கு முந்தைய நாள் ஜனங்கள் ஆளுக்கொரு கை சேறு அள்ளி அவர் வீட்டுச் சுவரில் அடித்தார்கள். அதன் பிறகு காரைமேட்டில் ஒருவர்கூட வாந்திபேதியில் சாகவில்லை. ஆஸ்பத்திரியின் வாந்திபேதிக் கொட்டகை சைக்கிள் நிறுத்தும் இடமானது. யாரும் சாகாத காரணத்தால் யாருக்கும் நினைவில்லை.

அந்தக் காலத்தில் ‘காரை முரசு’ என்று ஒரு வாரப் பத்திரிகை இங்கே வந்தது. அதில் ‘கொசு’ என்ற பெயரில் ஒருவர் சேர்மனைக் கிண்டல் செய்து வாராவாரம் எழுதினார். ‘குழி சேர்மன்’ என்ற பட்டம் அவர் வைத்ததுதான். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. தோல்விக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் நடை தரமானது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னமும் ஒரு வரி நினைவிருக்கிறது: “காரைமேட்டில் வழி கேட்போர் கவனத்துக்கு: நேராகப் போய் மூன்றாவது குழியில் விழுந்து, இடது கைப் பக்கமாக ஏறவும்.”

ஜனவரி 16, புதன்

மாட்டுப் பொங்கல். இந்தத் தெருவில் மாடு இல்லை. என் மனைவி கோகிலம் ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் தானே தின்றாள்.

பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கதர்ப் புடவை, குடை, தோல் பை. நேராக நின்ற விதத்திலேயே தலைமையாசிரியை என்று தெரிந்தது.

“நான் அம்சவேணிங்க. சென்னியப்பன் மக.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“பேப்பர்ல பட்டியல் வந்திருக்குதுங்க. எங்கப்பா பேர் இல்ல. அந்த எடத்துல கொத்தனார் பேர் இருக்குது. நீங்கதான் சரி பாக்கறீங்கன்னு போட்டிருந்துது.”

அநியாயத்தைக் கண்டு நானே கொதித்துப் போயிருப்பதாகவும், இந்த ஊரே நன்றி கெட்ட ஊர் என்றும் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேறொண்ணும் வேண்டாங்க. அந்தக் கல்லுல எங்கப்பா பேர் வரோணும். நீங்க எழுதினா ஊரு நம்பும். அப்பவும் நம்புச்சு.”

காபி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார். ‘அப்பவும்’ என்று எதைச் சொன்னார் என்று விளங்கவில்லை.

கோகிலம் அடுக்களையிலிருந்து, “அந்தம்மா கல்யாணமே பண்ணிக்கிலயாமா” என்றாள். அது அவர்களுடைய சொந்த விஷயம் என்றேன். “நானும் அதத்தானுங்க சொல்றேன்” என்றாள்.

ஜனவரி 21, திங்கள்

எட்டுப் பக்கக் கடிதத்துடன் நகராட்சிக்குப் போனேன். செல்வமணி படித்துவிட்டு மேஜைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். ‘காரைமேடு: ஒரு வரலாறு’. 1985-இல் நான் எழுதியது.

“சார், கோச்சுக்காதீங்க. உங்க புஸ்தகத்த வெச்சுத்தான் நாங்க ஆரம்பிச்சதே. நாப்பத்தோராம் பக்கம் அம்பத்தொம்பதுல முடியுது. நாப்பத்திரண்டு அறுபத்து நாலுல ஆரம்பிக்குது. நடுவுல அஞ்சு வருசம் காலி. ஊர்ல யாரையும் கேட்டுத் தெரியல. அதுக்கப்புறந்தான் கல்லத் தேடிப் போனோம்.”

“அச்சகத்தில் பக்கம் குறைத்தார்கள்.”

“சரிங்க சார்.”

“அப்போது காகிதத் தட்டுப்பாடு.”

“சரிங்க சார். ஆனா மாரியம்மன் கோயில் தேருக்கு ஏழு பக்கம் இருக்குதுங்க.”

புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம்பும் அதிகாரிகளை வைத்துக்கொண்டு இந்த நாடு எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. சொந்தமாக ஒரு விஷயத்தை விசாரித்து அறியும் பழக்கமே ஒழிந்துவிட்டது.

ஜனவரி 22, செவ்வாய்

பக்கம் 41-ஐயும் 42-ஐயும் எடுத்துப் பார்த்தேன். அச்சு நன்றாகத்தான் இருக்கிறது.

கோகிலத்திடம் காகிதத் தட்டுப்பாடு பற்றி நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“அந்த அஞ்சு வருசத்த மூணு தடவ எழுதி மூணு தடவ கிழிச்சீங்க. அடுப்புல போட்டதே நாந்தானுங்க. காயிதத்துக்கு என்ன தட்டுப்பாடு?”

அவளுக்கு மறதி அதிகமாகி வருகிறது.

ஜனவரி 27, ஞாயிறு

தண்ணீர் வந்தது, முக்கால் மணி நேரம்.

பஸ் நிலையத்தில் முப்பது அடிக்கு ஒரு பிளெக்ஸ் பலகை. “காரைமேட்டின் பதினான்காம் தலைவர் அய்யா மாரப்பனாரின் பேரனே! நாளைய மேயரே!” பேரன் ஜெகதீசன் ஒரு கட்சியின் வார்டுச் செயலாளர். தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது போலிருக்கிறது. பேரனின் முகத்துக்கே நரைத்த மீசையும் தலைப்பாகையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பேரனும் கும்பிட்டபடி நிற்கிறான். ஒரே ஆள் தன்னைத் தானே வணங்கும் காட்சியை அரசியலில் இவ்வளவு வெளிப்படையாக யாரும் இதுவரை காட்டியதில்லை.

ஜனவரி 30, புதன்

ஜெகதீசனே வந்தான். கூட நான்கு பேர். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்தான். நாற்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை.

“வாத்தியாரய்யா, எங்க தாத்தா பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கீங்களாமா.”

“உங்க தாத்தா கொத்தனார், தம்பி.”

“எனக்குத் தெரியாதுங்களா? அவரு கரண்டி எங்கூட்டுப் பூஜை ரூம்புல இருக்குது.”

இதை எதிர்பார்க்கவில்லை.

“தெரிஞ்சுமா பிளெக்ஸ் வெச்சே?”

“முனிசிபாலிட்டியே பேப்பர்ல போட்டுதுங்க. நானா போய்க் கேட்டேன்? எங்க சனம் எத்தன கட்டடங் கட்டியிருக்குது இந்த ஊர்ல. கட்டி முடிச்சதும், பொறவு போப்பா அக்கட்டாலங்கறதுதான் வழக்கம். ஒருக்கா தப்பித் தவறி கல்லு மேல பேர் வந்துருச்சு. அதயும் எடுக்கோணுங்கறீங்க.”

மிரட்டினானா என்று சொல்லத் தெரியவில்லை. போகும்போது கோகிலத்திடம், “வரங்கம்மா, கேஸ் வந்துருச்சுங்களா?” என்றான். மாலையில் சிலிண்டர் வந்துவிட்டது. அரசியல் இந்த அளவுக்குச் சீரழிந்து கிடக்கிறது.

பிப்ரவரி 4, திங்கள்

அம்சவேணி அம்மாள் மறுபடி வந்தார். தோல் பையிலிருந்து ஒரு தடிமனான அட்டைக் கோப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“முனிசிபாலிட்டில ஆதாரங் கேட்டாங்களாமா. இது ஆதாரமாகுமான்னு பாருங்க.”

திறந்தேன். ‘காரை முரசு’. கொசுவின் பத்தி, வாராவாரம் வெட்டி, தேதி எழுதி, நூல் போட்டுத் தைத்தது. நூற்றுப் பதினாறு கட்டுரைகள்.

“யார் சேர்த்து வெச்சது?”

“எங்கப்பாதானுங்க. வெள்ளிக்கெழம பத்திரிக வரும். காப்பி குடிச்சுக்கிட்டே படிப்பாரு. நல்லா எழுதறான்னு சிரிப்பாரு. அப்பறம் பென்சில எடுப்பாரு.”

ஓரங்களில் பென்சில் எழுத்து. சின்ன, நேரான எழுத்து. கொசு ஓரிடத்தில், “சேர்மன் எட்டடி தோண்டுகிறார்; ஆறடி போதும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்” என்று எழுதியிருக்கிறார். அதன் ஓரத்தில்: “ஒன்பது அடி.” இன்னோரிடத்தில், “முந்நூறு வீட்டுக்காரர்கள் வசதியாகக் கால் கழுவ ஊரே குழியில் விழ வேண்டுமா?” ஓரத்தில்: “ஆயிரத்து நானூறு வீடு. மில் லயன் சேர்க்காமல்.” வேறொன்றில், “கல்லில் தன் பெயரைப் போடாததற்குக் காரணம் அடக்கம் அல்ல, தடயம் கூடாது என்பதே.” இதற்குத் திருத்தமில்லை. பக்கத்தில் ஒரு சின்ன ‘சரி’ குறி.

“மறுத்து ஒண்ணுமே எழுதலீங்களே,” என்றேன்.

“தகவல் தப்புன்னாத்தான் திருத்துவாரு. கிண்டலுக்கு மனுசன் என்ன பதில் சொல்றதும்பாரு.”

பிறகு குடையை எடுத்துக்கொண்டே, “அறுபத்திரண்டுலயே கண்டுபிடிச்சுட்டாருங்க, கொசு யாருன்னு. ஐஸ்கூல்ல புதுசா சேந்த சரித்திர வாத்தியாரு மட்டுந்தான் இந்த ஊர்ல அரைப்புள்ளி வெக்கறான்னாரு. வேலைய விட்டு எடுக்கச் சொல்லி ரெண்டு கவுன்சிலருங்க வந்து நின்னாங்க. பள்ளிக்கொடம் முனிசிபாலிட்டியோடதுதானுங்களே. அவரு ஒத்துக்கல” என்றார்.

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். வெயில் அதிகமாக இருப்பதாகச் சொன்னேன் என்று கோகிலம் சொல்கிறாள்.

பிப்ரவரி 5, செவ்வாய்

கோப்பை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். செல்வமணி படித்தான். வாய்விட்டுச் சிரித்தான். மூன்று கட்டுரை கழித்துத்தான் நிமிர்ந்தான். கோப்பு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துவர ஆளை அனுப்பினான்.

“சேர்மன் சென்னியப்பன்னு தெளிவா இருக்குதுங்க சார். ஆனா புனைபேர்ல எழுதினத ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க. எழுதினவரு உசுரோட இருந்தா, நாந்தான் எழுதினேன், இன்னாரு சேர்மனா இருந்தாருன்னு ஸ்டாம்பு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும். இல்லீன்னா டெத் சர்ட்டிபிகேட்.”

கொசுவுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். கொசு ஒழிப்புக்கென்று ஒரு துறையே வைத்திருக்கும் அலுவலகத்தில் இது கிடைக்காதா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் வேண்டுமாம். அதன் பிறகு கல்லை மெருகு போட்டு ஏற்றிவிடுவார்கள்.

பிப்ரவரி 6, புதன்

கொசு உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து வருகிறேன்.

பிப்ரவரி 7, வியாழன்

மேற்படி விசாரணை தொடர்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது கோகிலம், “கொசு இன்னொரு கரண்டி ரசம் போட்டுக்குவாராமா?” என்றாள். நாற்பத்தொரு வருடம் ஒரு ஆளோடு குடும்பம் நடத்தினால் இப்படியான அத்துமீறல்களைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 9, சனி

கோப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் முழுவதும் படித்துவிடலாமென்று உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை.

முதல் முறையாக, சில இடங்களில் கொசு கொஞ்சம் நிதானித்திருக்கலாம் என்று தோன்றியது. நடையைச் சொல்கிறேன்.

1963 ஆவணி மாதக் கட்டுரை ஒன்று இருக்கிறது. “குழி வீட்டில் பெண் பார்க்கும் படலம்” என்று தலைப்பு. சேர்மன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை, குழியைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையைக் கயிறு கட்டி மேலே எடுத்தார்கள். அந்த வீட்டில் சம்பந்தம் வைப்பவர்கள் சீர்வரிசையோடு ஓர் ஏணியும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இப்படிப் போகிறது. அந்த வாரம் பத்திரிகை இரண்டாம் தடவை அச்சானது. கொசுவுக்கு அது பெருமையாக இருந்தது. அவருக்கு இருபத்து நான்கு வயது.

நூற்றுப் பதினாறு கட்டுரைகளில் அந்த ஒன்றில் மட்டும் பென்சில் குறியே இல்லை. தேதி கூடப் போடவில்லை. தைத்து மட்டும் வைத்திருக்கிறார்.

கோகிலம் விளக்குப் போட வந்தபோது கோப்பு மடியிலேயே இருந்தது.

பிப்ரவரி 11, திங்கள்

கோர்ட்டு எதிரில் நோட்டரி வக்கீலிடம் போனேன். “காரை முரசு வார இதழில் 1961 முதல் 1964 வரை ‘கொசு’ என்னும் புனைபெயரில் எழுதியவன் நானே என்றும், அக்காலத்தில் காரைமேடு நகராட்சித் தலைவராக இருந்தவர் திரு. அ. சென்னியப்பன் என்றும், 1985-இல் நான் எழுதிய நூலில் அவர் பெயர் விடுபட்டதற்குக் காகிதத் தட்டுப்பாடு காரணம் அல்ல என்றும் உறுதி கூறுகிறேன்.”

வக்கீல் கடைசி வரி தேவையில்லை என்றார். தட்டச்சு ஆகிவிட்டதால் அப்படியே விடச் சொன்னேன்.

பிப்ரவரி 14, வியாழன்

ஆத்திரமாக வருகிறது.

செல்வமணி என் உறுதிமொழியைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டான். “நாற்பத்தைந்து ஆண்டு ரகசியம் அம்பலம்: கொசு இவர்தான்!” பக்கத்தில் என் படம். கீழே கட்டம் கட்டி, மூன்றாவது குழியில் விழுந்து இடது பக்கமாக ஏறும் நகைச்சுவை. காலையிலிருந்து பதினேழு போன். “சார், நீங்களா? சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுதுங்க.” “அந்தக் குழி சேர்மன் மேட்டர் சூப்பருங்க சார்.” டீக்கடையில் என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். போன மாதம் சென்னியப்பன் என்றால் யாருக்கும் தெரியாது. இந்த மாதம் எல்லோருக்கும் தெரிகிறது, குழி சேர்மன் என்று. விழாவில் எனக்குப் பொன்னாடையாம்.

ஒரு மனிதனை மேலே எடுக்கலாமென்று இறங்கினேன். மறுபடி உள்ளே தள்ளிவிட்டேன். ஊர் எனக்குக் கை தட்டுகிறது. இந்த ஊருக்கு வெட்கமே கிடையாது.

பிப்ரவரி 19, செவ்வாய்

ஆணையர் அறையில் கூட்டம். நான், அம்சவேணி அம்மாள், ஜெகதீசன், செல்வமணி. ஆணையர் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு அமைச்சரை வரவேற்கப் போய்விட்டார். கல்லில் மாரப்பன் பெயர் ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது, ஆண்டு மட்டும் பாக்கி. மேலே ஒரு வரிக்கு இடமிருக்கிறது, சேர்க்கலாம்; இருப்பதை அழிக்க முடியாது. அழித்தால் கல்லில் பள்ளம் விழுமென்று செல்வமணி சொன்னான்.

“அழிக்க வேண்டாங்க,” என்றார் அம்சவேணி அம்மாள். “அந்தப் பேரக் கல்லுல போடச் சொன்னதே எங்கப்பாதான்.”

“அப்ப ரெண்டு சேர்மனுங்களா?” என்றான் செல்வமணி.

“ஒரு சேர்மன், ஒரு கொத்தனாரு.”

ஜெகதீசன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். “கொத்தனார்னு போட்டா ஊரு சிரிக்குங்கம்மா. பிளெக்ஸ் வெச்சுட்டேன்.”

அம்மாள் அவன் பக்கம் திரும்பினார். “உங்க தாத்தாவ எனக்குத் தெரியும் கண்ணு. நாங்க தோத்த மறுநா விடியக்காலம் ஒருத்தருங்கூட எங்கூட்டுப் பக்கம் வரல. அவரு வந்தாரு. தண்ணி எறச்சு, செவுத்துல இருந்த சேத்த எல்லாம் சொரண்டி, சுண்ணாம்படிச்சு, மத்தியானம் வரைக்கும் ஒண்டியா செஞ்சாரு. காப்பி குடுத்தா, கை சேறா இருக்குது, அப்பறம் குடிக்கறேன்னாரு. எங்கப்பா பக்கத்துலயே நின்னாரு. கொத்தனாருங்கற பேரு சிரிக்கறதுக்கில்ல.”

நான் மேஜைமேலிருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கொத்தனார்னே போட்ருங்க,” என்றான் ஜெகதீசன். கொஞ்சம் பொறுத்து, “எழுத்து சின்னதாக் கூடாது. ரெண்டும் ஒரே அளவு” என்றான்.

“ஒரே அளவு,” என்றார் அம்மாள்.

பிப்ரவரி 23, சனி

பஸ் நிலையத்துப் பிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். பதிலுக்கு வேறொன்று வைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது வானம் தெரிகிறது. பழக்கமில்லாததால் கண் கூசுகிறது.

மார்ச் 2, ஞாயிறு

விழா. அமைச்சர் ஒன்றரை மணி நேரம் தாமதம். கல்லைத் திறந்தார். பதினான்காம் வரியில் “அ. சென்னியப்பன், தலைவர், 1959–1964”. அதன் கீழே அதே அளவில் “ரா. மாரப்பன், கொத்தனார்”. அமைச்சர் படிக்காமல் போய்விட்டார். பரவாயில்லை. கல் அங்கேயே இருக்கும்.

பிறகு எனக்குப் பொன்னாடை. அதோடு விட்டிருக்கலாம். செல்வமணி மைக்கைப் பிடித்து, “கொசு அய்யாவோட எழுத்துல ரெண்டொண்ணு வாசிக்கறேன்” என்று ஜெராக்ஸ் தாள்களை எடுத்தான். அம்சவேணி அம்மாள் மூன்றாவது வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சேர்மன் எட்டடி தோண்டுகிறார்…”

“ஒன்பது,” என்றேன் நாற்காலியிலிருந்தபடி.

கூட்டம் சிரித்தது. நான் வேடிக்கைக்காகச் சொல்கிறேனென்று நினைத்துவிட்டார்கள்.

“முந்நூறு வீட்டுக்காரர்கள் வசதியாகக் கால் கழுவ…”

“ஆயிரத்து நானூறு. மில் லயன் சேர்க்காமல்.”

இந்தத் தடவை சிரிப்பு குறைவு. செல்வமணி என்னைப் பார்த்தான். “வாந்திபேதிக்கு மருந்து குழியா என்று…”

“ஐம்பத்தெட்டில் இருநூற்றுப் பதினொரு பேர். அறுபத்து நாலுக்கு அப்புறம் ஒருத்தருமில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. பையன் வியர்த்துப் போய் அடுத்த தாளைப் புரட்டினான். “அடுத்தது இன்னுஞ் சூப்பருங்க. குழி வீட்டில் பெண் பார்க்கும்…”

எழுந்து போய் அந்தத் தாளை அவன் கையிலிருந்து வாங்கினேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். காற்று அதிகமாக இருந்தது, தாள் பறந்துவிடும் போலிருந்தது. செல்வமணி மைக்கில் இரண்டு தரம் ஊதிவிட்டு நாட்டுப்பண் என்று அறிவித்தான்.

மார்ச் 3, திங்கள்

கோப்பைத் திருப்பிக் கொடுக்க அம்சவேணி அம்மாள் வீட்டுக்குப் போனேன். பழைய வீடு, சுவர் சுத்தமாக இருந்தது. சொல்ல நினைத்ததை வழியெல்லாம் இரண்டு மூன்று வாக்கியமாக அமைத்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார்.

“அது வேண்டாங்க. நீங்க கேட்டீங்கன்னா நான் குடுக்கோணும்.”

ஆகவே கேட்கவில்லை. ஒருவர் பேச வருவதைப் பாதியில் நிறுத்துவது நல்ல பழக்கமல்ல. தலைமையாசிரியைகளுக்கு இது பொதுவான குணம்.

மார்ச் 6, வியாழன்

நான்கு பக்கம் எழுதினேன். 1959 முதல் 1964 வரை. முதல் வாக்கியம்: “அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் அ. சென்னியப்பன்.” இதில் நகைச்சுவை எதுவுமில்லை. எங்காவது ஒன்று நுழைகிறதா என்று பார்த்தேன். நுழையவில்லை. ஐந்நூறு படி அச்சிடக் கொடுத்திருக்கிறேன். என் புத்தகம் 1985-இல் ஐந்நூறு பிரதிதான் போட்டது.

மார்ச் 12, புதன்

அச்சிட்ட பக்கங்களும் பசை டப்பாவுமாக மாவட்ட நூலகத்துக்குப் போனேன். நூலகர் பெண்மணி, நூலகப் புத்தகத்தில் எதையும் ஒட்டக் கூடாது, எழுதியவராகவே இருந்தாலும் கூடாது, அது விதி என்றார். இருபத்து மூன்று வருடம் தப்பான புத்தகத்தை வைத்திருப்பதற்கு எந்த விதியும் தடையாக இல்லை, திருத்துவதற்கு மட்டும் விதி. மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக அம்சவேணி அம்மாள் வீட்டுக்குப் போனேன். விவரம் சொன்னேன். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். ‘காரைமேடு: ஒரு வரலாறு’. உறை போட்டு, முதல் பக்கத்தில் வாங்கிய தேதியோடு அவர் பெயர். வெளியான வாரமே வாங்கியிருக்கிறார்.

“நாப்பத்தோராம் பக்கம்,” என்றார். புத்தகம் தானாக அந்த இடத்தில் திறந்துகொண்டது.

பசை தடவினேன். தாள் கோணலாகப் போனது. அவர் தாளின் மறு ஓரத்தைப் பிடித்துச் சரியாக வைத்தார். காயும் வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விரலால் அழுத்திக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் ஆனது.

மீதி நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன். பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள். புது விலாசத்தைத் தெரியப்படுத்தும் பொறுப்பு இந்த ஊரில் எவனுக்கும் கிடையாது.